அணுக்கணக்கு சரி, அன்னபேதி போதாது

ராணிப்பேட்டை பக்கம் +1 வேதியியல் எடுக்கிறேன். ஒரே ஒரு சமன்பாடு வகுப்பில் என்ன பாடு படுத்தியது என்பதைப் பற்றிய நிகழ்வு ஆய்வு இது. சமன்பாடு இதுதான்:

டைகுரோமேட் அயனி + ஃபெரஸ் அயனி + 14 ஹைட்ரஜன் அயனி → 2 குரோமிக் அயனி + ஃபெரிக் அயனி + 7 நீர்

ஒரு மாணவி வீட்டுப்பாடமாக எழுதிக்கொண்டு வந்தது. (டைகுரோமேட் என்பது இரண்டு குரோமியமும் ஏழு ஆக்சிஜனும் சேர்ந்த அயனி; ஃபெரஸ் +2 இரும்பு, ஃபெரிக் +3 இரும்பு, குரோமிக் +3 குரோமியம்.) கீழே அழகாகக் கட்டம் போட்டு எண்ணியும் காட்டியிருந்தாள். குரோமியம் இந்தப் பக்கம் 2, அந்தப் பக்கம் 2. ஆக்சிஜன் 7, 7. ஹைட்ரஜன் 14, 14. இரும்பு 1, 1. நோட்டை மாற்றித் திருத்தச் சொல்லியிருந்தேன். பக்கத்து பெஞ்சுப் பையன் விரல் வைத்து எண்ணிப் பார்த்துவிட்டு ரைட் போட்டு ஐந்துக்கு ஐந்தும் கொடுத்துவிட்டான். பத்தாம் வகுப்பில் சமன் செய்யக் கற்றுக்கொண்ட விதத்தை மட்டும் வைத்துப் பார்த்தால், அவன் திருத்தியதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அணு ஒன்றுகூடக் காணாமல் போகவில்லை, புதிதாக முளைக்கவும் இல்லை.

கேள்வியில் இன்னொரு பகுதி இருந்தது. ஒரு தொட்டியில் 1,000 லிட்டர் மஞ்சள் தண்ணீர், லிட்டருக்கு 500 மில்லிகிராம் குரோமியம் +6 நிலையில் இருக்கிறது, அதை +3 நிலைக்குக் கொண்டுவர எத்தனை கிலோ அன்னபேதி, அதாவது ஃபெரஸ் சல்பேட், வேண்டும்? இந்த எண்கள் நான் வைத்தவை, எந்தக் கம்பெனித் தண்ணீரும் இல்லை. மாணவி தன் சமன்பாட்டின்படி போட்டாள். இரண்டு குரோமியத்துக்கு ஒரு இரும்பு. தொட்டியில் மொத்தம் அரை கிலோ குரோமியம். ஏழு நீர் மூலக்கூறோடு சேர்த்து அன்னபேதியின் மூலக்கூறு நிறை 278, குரோமியம் 52. விடை 1.34 கிலோ. பெருக்கல் வகுத்தலில் ஒரு பிழையும் கிடையாது.

இந்த விடையைப் பிடித்துக்கொண்டவன் கடைசி பெஞ்சில் இருந்த இன்னொரு பையன். அவனுடைய மாமா சிப்காட்டில் ஒரு பிளேட்டிங் பட்டறையில் இருக்கிறார், குரோம் முலாம் பூசிய சாமான்களைக் கழுவும் தண்ணீரைச் சுத்தம் செய்து வெளியே விடுவது அவர் வேலை. அமிலம் விட்டு, அன்னபேதி கரைத்து ஊற்றி, பச்சையானதும் சுண்ணாம்பு போட்டுப் படியவைப்பார். பையன் வீட்டில் போய்க் கணக்கைக் காட்டியிருக்கிறான். மறுநாள் வந்து அவர் சொன்னதை அப்படியே ஒப்பித்தான்: "இன்னாடா கணக்கு இது, ஒண்ணரை கிலோ அன்னபேதி போட்டா தண்ணி அப்பிடியே மஞ்சளாத்தான் நிக்கும். எட்டு கிலோவுக்குக் கொறஞ்சா ஒண்ணும் ஆகாது, நான் பத்தா போடுவேன்." வகுப்பே சிரித்தது. மாணவிக்கு முகம் சுண்டிவிட்டது. "சார், அணு எல்லாம் சரியா இருக்கே சார்" என்றாள்.

அவள் கேட்டதில் நியாயம் இருக்கிறது. அணு எல்லாம் சரியாக இருக்கும்போது அன்னபேதி எப்படி ஆறு மடங்கு குறையும்?

அணுவை எண்ணினால் மட்டும் ஏன் பிடிபடாது

அந்தச் சமன்பாட்டில் இரும்பைப் பாருங்கள். இடப்பக்கம் தனியாக வருகிறது, வலப்பக்கமும் தனியாகவே போகிறது. ஆக்சிஜனோடோ ஹைட்ரஜனோடோ அதற்கு ஒட்டு உறவு எதுவும் இல்லை. ஆகவே இரண்டு பக்கமும் இரும்புக்கு முன்னால் 1 போட்டாலும் அணுக்கணக்கு சரி, 6 போட்டாலும் சரி, 100 போட்டாலும் சரி. ஒரே வினைக்குக் கணக்கில்லாத 'சரியான' விடைகள். அணு எண்ணிக்கை என்ற ஒரே நிபந்தனையை வைத்துக்கொண்டு இதில் எது நிஜம் என்று சொல்ல வழியே கிடையாது.

வழி சொல்வது மின்சுமை. இரும்பின் எண்ணிக்கையைத் தெரியாத ஒன்றாக வைத்துக்கொள்வோம். இடப்பக்கம் டைகுரோமேட்டுக்கு மைனஸ் 2, பதினான்கு ஹைட்ரஜன் அயனிக்கு பிளஸ் 14, ஆக 12. அதோடு ஒவ்வொரு ஃபெரஸுக்கும் 2. வலப்பக்கம் இரண்டு குரோமிக் அயனிக்கு 6. அதோடு ஒவ்வொரு ஃபெரிக்குக்கும் 3. இரண்டு பக்கமும் சமமாக வேண்டுமென்றால் இரும்பு 6 தான், வேறு எண்ணே பொருந்தாது. மாணவி எழுதியதில் இடப்பக்கம் 14, வலப்பக்கம் 9. ஐந்து சுமை எங்கே போனது என்று யாரும் கேட்கவில்லை, கட்டத்தில் அதற்கு ஒரு வரிசையே இல்லையே!

எலக்ட்ரான் வழியாகப் போனாலும் இதே இடத்துக்குத்தான் வருவோம். குரோமியம் +6 இலிருந்து +3க்கு இறங்க ஆளுக்கு மூன்று எலக்ட்ரான் வாங்க வேண்டும், இரண்டு குரோமியத்துக்கு ஆறு. ஃபெரஸ் ஃபெரிக்காகும்போது ஆளுக்கு ஒன்றுதான் கொடுக்கும். ஆறு எலக்ட்ரான் கொடுக்க ஆறு இரும்பு வேண்டும். +1 புத்தகத்தில் ஆக்சிஜனேற்ற எண் முறை, அயனி எலக்ட்ரான் முறை என்று இரண்டும் இருக்கின்றன, பிள்ளைகள் இரண்டையும் மனப்பாடமாகச் செய்கிறார்கள், ஆனால் ஏன் அப்படிச் செய்கிறோம் என்பதை இந்தக் கேள்வி மாதிரி ஏதாவது ஒன்று இடித்துக் காட்டினால்தான் உறைக்கிறது.

இதில் எனக்குப் பிடித்த ஒரு விஷயம், அயனிகளாக எழுதாமல் முழுச் சேர்மங்களாக எழுதினால் இந்தத் தப்பு நடக்காது என்பது. பொட்டாசியம் டைகுரோமேட், ஃபெரஸ் சல்பேட், 7 கந்தக அமிலம் இடப்பக்கம். குரோமிக் சல்பேட், ஃபெரிக் சல்பேட், பொட்டாசியம் சல்பேட், 7 நீர் வலப்பக்கம். ஃபெரிக் சல்பேட் ஒன்றில் இரண்டு இரும்பு இருப்பதால் ஃபெரஸ் சல்பேட்டுக்கு 2 போட்டுப் பார்க்கலாம் என்று தோன்றும். இரும்பு சரியாகிவிடும். ஆனால் கந்தகம் இடப்பக்கம் 9, வலப்பக்கம் 7 என்று நின்று காட்டிக்கொடுத்துவிடும். 6 ஃபெரஸ் சல்பேட்டும் 3 ஃபெரிக் சல்பேட்டும் போட்டால்தான் 13க்கு 13. ஒவ்வொரு சேர்மமும் சுமையில்லாமல் இருப்பதால், சுமைக் கணக்கை சல்பேட் தன் தலையில் சுமந்துகொண்டு வருகிறது. அயனிச் சமன்பாட்டில் சல்பேட்டைத் தூக்கி வெளியே போட்ட உடனே அந்தக் காவலும் போய்விடுகிறது.

சோதனைக்கூடத்தில் இதைச் செய்து பார்த்தோம். 0.1 கிராம் பொட்டாசியம் டைகுரோமேட்டை அமிலத் தண்ணீரில் கரைத்தது இரண்டு குழாய். ஒன்றில் ஒன்றுக்கு ஒன்று கணக்கில் 0.09 கிராம் அன்னபேதி, மற்றதில் ஒன்றுக்கு ஆறு கணக்கில் 0.57 கிராம். முதல் குழாய் அழுக்கேறிய ஆரஞ்சாக நின்றது. இரண்டாவது பச்சைக்குத் திரும்பிவிட்டது. அன்னபேதி பழையதாக இருந்தால் கொஞ்சம் கூடுதலாகத்தான் போட வேண்டும், பாட்டிலில் பழுப்பு ஏறியிருந்தால் அதில் ஒரு பகுதி ஏற்கெனவே காற்றோடு சேர்ந்து ஃபெரிக் ஆகிவிட்டது என்று அர்த்தம். மாமா எட்டுக்குப் பதில் பத்து போடுவதற்கும் காரணம் இதுதான். டைகுரோமேட்டைக் கையில் தொட விடக் கூடாது, கழிவை சிங்க்கில் கொட்டவும் கூடாது. இரண்டு குழாயையும் ஒரே பாட்டிலில் ஊற்றி எடுத்து வைத்துக்கொண்டேன், அந்தப் பாட்டில்தான் அடுத்த கேள்விக்குக் காரணமானது.

அதற்கு முன் தொட்டிக் கணக்கை முடித்துவிடலாம். சரியான விகிதம் ஒரு கிலோ குரோமியத்துக்கு 16 கிலோ அன்னபேதி, அரை கிலோவுக்கு 8 கிலோ. மாணவி சொன்ன 1.34 கிலோவைப் போட்டிருந்தால் குரோமியத்தில் ஆறில் ஒரு பங்குதான் மாறியிருக்கும், மீதி லிட்டருக்கு 417 மில்லிகிராம் அப்படியே. வெளியே விடும் தண்ணீரில் +6 குரோமியம் லிட்டருக்கு 0.1 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. நாலாயிரம் மடங்குக்கு மேல்! ஐந்துக்கு ஐந்து வாங்கிய சமன்பாடு இது.

சரி, அந்த அரை கிலோ எங்கே?

பாட்டிலைப் பார்த்து ஒரு பையன் கேட்டான்: "சார், இப்போ பச்சை ஆயிடுச்சு, குரோமியம் போயிடுச்சா?" போகவில்லை. +6 நிலையில் கரைந்து ஓடும், நுரையீரலுக்குப் போனால் புற்றுநோய் வரை கொண்டுபோகும். +3 நிலையில் சுண்ணாம்பு போட்டால் ஹைட்ராக்சைடாகக் கீழே உட்காரும். மாறியது நிலை மட்டும். 52 கிராமுக்கு 52 கிராம் அங்கேயேதான் இருக்கிறது.

லவாய்சியே 1789இல் எழுதிய பாடநூலில் திராட்சைச் சாறு புளித்து மதுவாவதை ஒரு சமன்பாடு மாதிரி எழுதினார்; உள்ளே போன எடையும் வெளியே வந்த எடையும் ஒன்றாக இருந்தே தீர வேண்டும் என்று வைத்துக்கொண்டு, அளக்க முடியாததை அதிலிருந்து கண்டுபிடித்தார். மனிதர் பிழைப்புக்கு அரசாங்கத்துக்கு வரி வசூலிக்கும் கம்பெனியில் பங்குதாரர், அதற்காகவே 1794இல் கில்லட்டினில் தலையும் போனது. வேதியியலில் அவர் கொண்டுவந்தது வரவு செலவுப் புத்தி. வரவில் இருப்பது செலவில் இல்லையென்றால் யாரோ எங்கோ எழுதாமல் விட்டிருக்கிறார்கள்.

அந்தக் கண்ணோடு தொட்டியைப் பார்த்தால், அரை கிலோ குரோமியம் சுண்ணாம்பு போட்டபின் ஏறக்குறைய 1 கிலோ குரோமியம் ஹைட்ராக்சைடு ஆகிறது. போட்ட 8 கிலோ அன்னபேதியின் இரும்பு 3 கிலோ ஃபெரிக் ஹைட்ராக்சைடு ஆகிறது. வினை நடக்க அமிலம் வேண்டும், சமன்பாட்டின்படி 3.3 கிலோ கந்தக அமிலம். அமிலத்தின் சல்பேட், அன்னபேதியின் சல்பேட் இரண்டும் சுண்ணாம்பின் கால்சியத்தோடு சேர்ந்து ஜிப்சம், 10 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. அதில் இரண்டு கிலோவுக்குச் சற்று மேல் தண்ணீரிலேயே கரைந்து போகும், மீதி சேறு. காய்ந்த எடையாகவே பதினோரு கிலோவுக்கு மேல் வருகிறது, ஈரத்தோடு அள்ளும்போது பல மடங்கு. அரை கிலோவை ஒழிக்கப் போய்ப் பதினோரு கிலோ!

சேறு என்றால் இந்த ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 2015 ஜனவரி 31 அதிகாலையில் ராணிப்பேட்டை சிட்கோவில் தோல் கழிவுகளுக்கான பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் சேற்றுத் தொட்டிச் சுவர் உடைந்து, பக்கத்துத் தோல் ஷாப்பில் (தோல் பதனிடும் ஆலையில்) தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளிகள் பத்துப் பேர் இறந்துபோனார்கள். பாதுகாப்பு, கட்டுமானம் என்று அதற்குப் பல கோணங்கள் உண்டு. வேதியியல் வாத்தியாராக எனக்குத் தோன்றுவது, தண்ணீரிலிருந்து பிரித்தெடுத்தது முழுவதும் எங்கேயாவது ஒரு தொட்டியில் நின்றுகொண்டுதான் இருக்கும் என்பது.

ஒரு விஷயத்தைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். தோலைப் பதனிட ஷாப்பின் டிரம்மில் போடும் குரோம் பவுடர் +3 நிலையில் உள்ளது, பேசிக் குரோமியம் சல்பேட். பிளேட்டிங் தண்ணீர் மாதிரி அதற்கு அன்னபேதி வேண்டியதில்லை. அங்கே வேறு சமன்பாடு: ஒரு பேசிக் குரோமியம் சல்பேட், ஒரு மெக்னீசியம் ஆக்சைடு, ஒரு நீர் சேர்ந்து ஒரு குரோமியம் ஹைட்ராக்சைடு, ஒரு மெக்னீசியம் சல்பேட். எல்லாக் குணகமும் ஒன்று, எண்ணிப் பார்க்கவே பிள்ளைகளுக்குச் சந்தோஷம். படிந்ததை அமிலத்தில் கரைத்தால் மறுபடியும் அதே குரோம் பவுடர் கரைசல், திரும்ப டிரம்முக்கு. ஒரு டன் தோலுக்கு 80 கிலோ பவுடர் போட்டால் அதில் குரோமியம் 14 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு; சாதாரண முறையில் தோல் பிடித்துக்கொள்வது அறுபது எழுபது சதவீதம்தான், மீதி நாலைந்து கிலோ தண்ணீரோடு வெளியே. அந்த நாலைந்து கிலோவை மீட்பதுதான் இந்த வேலை, இந்தப் பகுதியில் செய்தும் வருகிறார்கள்.

மஞ்சள் மேடு

அந்தக் குரோம் பவுடர் எங்கிருந்து வருகிறது என்று பின்னாலேயே போனால் ராணிப்பேட்டையின் பெரிய வழக்கில் வந்து முட்டும். 1970களின் நடுவில் தொடங்கி 1990களின் நடுவில் மூடப்பட்ட ஒரு குரோமேட் ஆலை இங்கே விட்டுப்போன கழிவு மேடு. எடை எவ்வளவு என்று ஆளுக்கொரு எண் சொல்கிறார்கள், இரண்டு லட்சம் டன் அளவில் என்று வைத்துக்கொள்ளலாம். மழை பெய்தால் சுற்றிலும் மஞ்சள் தண்ணீர் கசியும். 2006இல் உலகின் மோசமான மாசு இடங்கள் என்று ஒரு பட்டியல் வந்தபோது ராணிப்பேட்டை அதில் இருந்தது.

அந்த வகை ஆலையின் முதல் வினை, தேர்வில் அடிக்கடி வருவது:

4 குரோமைட் + 8 சோடியம் கார்பனேட் + 7 ஆக்சிஜன் → 8 சோடியம் குரோமேட் + 2 ஃபெரிக் ஆக்சைடு + 8 கார்பன் டை ஆக்சைடு

குரோமைட் ஒன்றில் ஒரு இரும்பு, இரண்டு குரோமியம், நான்கு ஆக்சிஜன். நம் நாட்டில் அது கிட்டத்தட்ட முழுவதும் ஒடிசாவில், அதிலும் சுகிந்தா பள்ளத்தாக்கில்தான். கிலோவில் வைத்துப் பார்த்தால் 896 கிலோ தாது, 848 கிலோ சோடா, 224 கிலோ காற்றின் ஆக்சிஜன், மொத்தம் 1,968. வெளியே 1,296 கிலோ குரோமேட், 320 கிலோ இரும்பு ஆக்சைடு, 352 கிலோ கார்பன் டை ஆக்சைடு, அதுவும் 1,968. இவ்வளவு அழகாக முடியும் கணக்கைப் பாடப்புத்தகத்தில் பார்த்துவிட்டு, கழிவு என்று மிஞ்சுவது 320 கிலோ துருதானே, அதில் என்ன மஞ்சள் என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம்.

சமன்பாடு சொல்வது வினைபுரிந்ததை மட்டும். வினைபுரியாமல் நின்றதைப் பற்றி அது வாயே திறக்காது. நிஜத் தாதுவில் மெக்னீசியமும் அலுமினியமும் சிலிக்காவும் சேர்ந்திருக்கும், அவற்றுக்குச் சமன்பாட்டில் இடமே இல்லை. பழைய முறையில் உலை இறுகாமல் இருக்கச் சுண்ணாம்போ டோலமைட்டோ நிறையச் சேர்த்து வறுப்பார்கள், அதுவும் கழிவில்தான் சேரும். தாதுவின் குரோமியம் முழுவதும் குரோமேட்டாக மாறாது. மாறியதும் முழுவதும் தண்ணீரில் கழுவி வெளியே வராது, ஒரு பகுதி கால்சியத்தோடு ஒட்டிக்கொண்டு கழிவிலேயே தங்கி, ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். ஆலையை மூடியது வினையை நிறுத்தியதே தவிர, அணுக்களுக்கு அது தெரியாது.

வகுப்பில் ஒரு கற்பனைக் கணக்குப் போட்டோம். இரண்டு லட்சம் டன்னில் நூற்றில் ஒரு பங்குதான் +6 குரோமியம் என்று வைத்துக்கொள்ளலாம், அளந்து சொன்ன எண் இல்லை, கணக்குக்காக. 2,000 டன். அன்னபேதி 16 மடங்கு, 32,000 டன். இரண்டு ஹைட்ராக்சைடும் சேர்ந்தே புதிதாக 16,000 டன் சேறு. அதுவும் மேட்டில் இருக்கும் சுண்ணாம்பு அமிலத்தைத் தின்றுவிடும் என்பதையும், அந்தக் காரத்தில் ஃபெரஸ் குரோமேட்டைத் தொடும் முன்பே படிந்துவிடும் என்பதையும் சேர்க்காமல்.

இதைவிடப் பெரிய வேடிக்கை சல்பேட்டில் இருக்கிறது. அயனிச் சமன்பாட்டில் சல்பேட்டுக்குப் பார்வையாளர் அயனி என்று பெயர் வைத்து இரண்டு பக்கமும் அடித்துவிடுகிறோம். இந்த வகைக் கழிவில் அன்னபேதியைக் கொட்டினால் அந்தப் பார்வையாளர் சும்மா இருக்கமாட்டார். சுண்ணாம்போடும் அலுமினாவோடும் தண்ணீரோடும் சேர்ந்து எட்ரிங்கைட் என்ற படிகமாக வளர்ந்து மண்ணை உப்ப வைக்கும், மேலே கட்டடமோ சாலையோ இருந்தால் தூக்கிப் பிளக்கும். குரோமியம் கழிவை நிரப்பி மேலே கட்டிய வெளிநாட்டு இடங்களில் நடந்திருக்கிறது.

அடித்துவிட்டவை

இந்த ஆய்வில் எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். வட ஆற்காட்டுக் கிணறுகளைக் கெடுத்ததில் பெரும்பங்கு, எந்தச் சமன்பாட்டிலும் எழுதப்படாத, எழுதினாலும் அடித்துவிடப்படும் அயனிகளுக்கு. சோடியம், குளோரைடு, சல்பேட். பச்சைத் தோல் அழுகாமல் இருக்க உப்புக் கட்டி அனுப்புவார்கள், தோல் எடையில் நாற்பது சதவீதம் வரைகூட உப்பு. ஷாப்புக்கு வந்ததும் முதல் வேலை ஊறவைத்துக் கழுவுவது. அந்த உப்பு எந்த வினையிலும் சேர்வதில்லை, சுண்ணாம்புத் தொட்டியில் ஒரு சமன்பாடு, குரோம் டிரம்மில் ஒரு சமன்பாடு, சுத்திகரிப்பில் ஒரு சமன்பாடு, எல்லாவற்றிலும் இடமும் வலமும் ஒரே மாதிரி நின்று, அடிபட்டு, வெளியே வருகிறது. குரோமியத்தைப் படியவைக்கலாம், சல்பைடை ஆக்சிஜனேற்றலாம். சோடியம் குளோரைடைப் படியவைக்கக் கைக்கு அடக்கமான வினை எதுவும் இல்லை, சோடியத்தின் உப்புகள் ஏறக்குறைய எல்லாமே கரையும்.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28இல் கொடுத்த தீர்ப்பு, தோல் தொழில் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுவதுமாகவோ பாழானதாகக் குறிப்பிடுகிறது. மாசு செய்தவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை நம் சட்டத்தில் அழுத்தமாகப் பேசப்பட்ட வழக்குகளில் அதுவும் ஒன்று. அதன் பின்னால் வந்த பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள், எதிர்ச் சவ்வூடு பரவல், ஆவியாக்கும் கலன்கள், எல்லாம் நல்லதுதான். தண்ணீர் திரும்பக் கிடைக்கிறது. கூடவே வாங்க ஆளில்லாத கலப்பு உப்பும் மூட்டை மூட்டையாகக் கிடைக்கிறது, கொட்டகையில் அடுக்கி வைக்கிறார்கள். ஆற்றில் ஓடியிருக்க வேண்டிய உப்பு அது என்று தெரிந்தவர்களுக்கு அந்த மூட்டைகளைப் பார்த்தால் கோபம் வராது, மழை வந்தால் மட்டும் பயம் வரும்.

வகுப்பில் இதற்காக நான் செய்த மாற்றம் சின்னது. அணுக் கட்டத்தின் கீழே சுமைக்கு ஒரு வரிசை. அப்புறம் வலப்பக்கம் ஒவ்வொரு பொருளுக்கும் கீழே, அது சரக்கிலா, தண்ணீரிலா, சேற்றிலா, காற்றிலா என்று ஒரு சொல். அடித்துவிட்ட அயனிக்கும் அந்தச் சொல்லை எழுதியே ஆக வேண்டும். இதற்கு மார்க் கிடையாது, பொதுத்தேர்வில் எவரும் கேட்கப்போவதும் இல்லை, அதனால் பாதிப் பேர் எழுதுவதில்லை.

அந்த மாணவி எழுதுகிறாள். போன வாரம் அவளாகவே ஒரு கேள்வியோடு வந்தாள்: இரும்புச் சேறுதான் இவ்வளவு என்றால் இரும்பில்லாத ஏதாவது ஒன்றைப் போடக் கூடாதா? போடலாம், பல பட்டறைகளில் சோடியம் மெட்டாபைசல்பைட் போடுகிறார்கள். அது தண்ணீரில் கரைந்தால் பைசல்பைட் அயனி. ஒரு டைகுரோமேட், 3 பைசல்பைட், 5 ஹைட்ரஜன் அயனி சேர்ந்து 2 குரோமிக் அயனி, 3 சல்பேட், 4 நீர். இந்த முறை சுமையை முதலில் பார்த்தாள்: இடப்பக்கம் பூஜ்யம், வலப்பக்கம் பூஜ்யம். அதே தொட்டிக்கு 1.37 கிலோ போதும். அவளுடைய பழைய அன்னபேதி விடைக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது, தற்செயல்தான், ஆனாலும் அவளுக்கு அதில் ஒரு திருப்தி. சேற்றில் மூன்று கிலோ இரும்பு ஹைட்ராக்சைடு இல்லை, ஜிப்சமும் வெகுவாகக் குறைகிறது. தண்ணீரில் எழுத வேண்டியது 332 கிராம் சோடியம், அன்னபேதி வழியில் அது இல்லவே இல்லை.

கடைசி பெஞ்சுப் பையன் இதையும் மாமாவிடம் கொண்டுபோனான். அன்னபேதி மூட்டை மலிவு, இது விலை, அமிலம் அதிகமாகிவிட்டால் மூக்கைப் பிடுங்கும் வாடை வரும், கந்தக டை ஆக்சைடு, அதற்கு முகமூடி வேண்டும் என்றாராம். சேறு அள்ளிக்கொண்டு போகும் லாரிக்கு டன்னுக்கு இவ்வளவு என்று கொடுக்கும் காசையும் சேர்த்துப் பார்த்தால் எது மலிவு என்று முதலாளியிடம் கேட்டிருக்கிறாரா என்றால், இல்லை. அந்தக் கணக்கை இப்போது இரண்டு பேரும் சேர்ந்து போட்டுக்கொண்டிருக்கிறார்கள், லாரி வாடகை மட்டும் இன்னும் கிடைக்கவில்லை.